களாவும் சுங்க வேலியும்
ஒரு முட்செடியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வரலாற்றாசிரியர்கள் தாவரங்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் சந்தைக்குச் சென்ற தாவரங்களைப் பற்றியே எழுதியுள்ளனர். நெல்லும் பருத்தியும், கறுவாவும் மிளகும், அவுரியும் அபினியும், கோப்பியும் தேயிலையும் குடியேற்றவாத வரலாற்றின் பக்கங்களில் தமக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டன. இவற்றின் விலை, ஏற்றுமதி, இவற்றுக்காக வியர்வை சிந்திய மக்களின் கூலி ஆகியன கணக்கேடுகளில் பதிவாகியுள்ளமையால் ஆய்வாளரின் பணி ஓரளவு எளிதாகின்றது. ஆனால் எவரும் விதைக்காமலும் விற்காமலும் வரண்ட காடுகளின் ஓரங்களில் வளர்ந்து நிற்கும் முட்புதர் ஒன்றுக்கு வரலாறு உண்டா என வினவின், பலர் புன்னகை புரியவே கூடும்.

அத்தகைய வரலாறு ஒன்று உண்டு என்பதையும், அது உழைக்கும் மக்களின் அன்றாட உணவோடும் உயிரோடும் தொடர்புடையது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் தாவரம் களா. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாம் கிளா என வழங்குவது இதனையே. சிறுபராயத்தில் பற்றைகளுக்குள் கைவிட்டுக் கீறல் வாங்கிக் கிளாப்பழம் பறித்து உண்டவர்கள் இதன் முள்ளையும் சுவையையும் மறந்திருக்கமாட்டார்கள். அதே செடியினம், 19ஆம் நூற்றாண்டில், ஒரு பேரரசின் வரி இயந்திரத்தின் உறுப்பாக மாற்றப்பட்டது என்பது நம்மிற் பலர் அறியாததாகும்.

1. செடியும் அதன் இயல்பும்

களா, அலரியும் நித்தியகல்யாணியும் அடங்கிய அப்போசைனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. கரிசா என்னும் இதன் பேரினத்தை 1767ஆம் ஆண்டில் லின்னேயஸ் தாவரவியல் வகைப்பாட்டினுள் சேர்த்தார். நம் பிரதேசங்களில் இப்பேரினத்தின் இரு இனங்கள் அறியப்பட்டவை. ஒன்று பெருங்களா எனப்படும் கரிசா கரண்டாஸ். இது இந்தியாவுக்கு உரியது. ஏனைய இடங்களில் பழத்துக்காகவும் வேலிக்காகவும் நடப்படுவது. மற்றையது சிறுகளா எனப்படும் கரிசா ஸ்பைனேரம். இது ஆபிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா ஊடாக அவுஸ்திரேலியா வரை இயற்கையாகப் பரந்துள்ளது. இலங்கையின் உலர் வலயப் பற்றைக்காடுகளில் நாம் காண்பது இதுவே.

இரண்டும் என்றும் பசுமையான குறுஞ்செடிகள். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, தடித்தவை, மேற்பரப்பு பளபளப்பானது. தண்டையோ இலையையோ காயையோ ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். பூக்கள் வெண்மையானவை, ஒடுங்கிய குழாயும் ஐந்து இதழ்ப் பிரிவுகளும் உடையவை. தோற்றத்திலும் மணத்திலும் மல்லிகையை நினைவூட்டுவன. கேசரங்கள் ஐந்தும் அல்லிக் குழாயின் உட்புறத்தே ஒட்டியிருக்கும். காய் பச்சையிலிருந்து செம்மையாகிப் பின்னர் கருஞ்சிவப்பாகவும் கருமையாகவும் பழுக்கும். பெருங்களாவின் கனி பெரியது, விதை மிகுந்தது. சிறுகளாவின் கனி சிறியது. இரண்டும் புளிப்பும் இனிப்பும் கலந்தவை. பறவைகளும் விலங்குகளும் கனியை உண்டு விதையைப் பரப்புகின்றன. இவ்வாறு தன் கனியால் உயிர்களை அழைக்கும் செடி, தன் முள்ளால் அவற்றை விலக்கவும் செய்கின்றது. இம்முரண்பாடு இயற்கையில் முரண்பாடன்று. கனி விதை பரப்புவதற்கு. முள் தண்டையும் இலையையும் மேய்ச்சலிலிருந்து காப்பதற்கு.

முள் என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவனவற்றைத் தாவரவியலாளர் பிரித்தே நோக்குவர். ரோசாவின் முள் புறத்தோலின் வளர்ச்சி மட்டுமே. விரலால் தள்ளினால் தண்டிலிருந்து பெயர்ந்துவிடும். இலந்தையின் முட்கள் இலையடிச் செதில்களின் திரிபு. இணையாக நிற்கும் அவற்றில் ஒன்று நேரானதாகவும் மற்றையது கொக்கிபோல் வளைந்ததாகவும் இருப்பதைக் காணலாம். கருவேலின் நீண்ட வெண்முட்களும் இலையடிச் செதிலின் திரிபுகளே. களாவின் முள் இவற்றினின்றும் வேறானது. அது திரிபடைந்த தண்டு. கிளையின் நுனியரும்பு வளர்ச்சியை நிறுத்தி இரு முட்களாக மாறிவிட, பக்க அரும்புகள் வளர்ச்சியைத் தொடர்கின்றன. அவையும் சிறிது தூரம் சென்று முள்ளாக முடிய, மீண்டும் பக்க அரும்புகள் எழுகின்றன. இதன் விளைவு யாதெனில், செடி வளருந்தோறும் கிளைகள் கவர்விட்டுக் கவர்விட்டு ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் வலையாக அமைந்துவிடுகின்றது. முள்ளின் அகத்தே தண்டுக்குரிய வைரம் இருப்பதால் அது இலகுவில் முறிவதில்லை. சில முட்கள் தாமும் கவைத்து நிற்கும்.

இவற்றோடு இரு இயல்புகளைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். முதலாவது, வரட்சியைத் தாங்கும் ஆற்றல். இரண்டாவது, வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் தளிர்த்தெழும் ஆற்றல். வெட்டுந்தோறும் புதர் அடர்த்தியாகுமேயன்றி அழிவதில்லை. முள், பின்னல், வரட்சித் தாங்கல், மீள்தளிர்ப்பு ஆகிய இந்நான்கும் ஒருங்கே அமைந்த செடியை மனிதன் வேலியாகக் கண்டதில் வியப்பில்லை.

2. இடுமுள்ளும் காவற்காடும்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் களா முதலிற் கனியாகவே அறிமுகமாகின்றது. புறநானூற்றின் 177ஆம் செய்யுளில், மதுவுண்டு புளிச்சுவையை விரும்பிய ஆடவர் களாவையும் துடரியையும் உண்டு, அதுவும் வெறுத்தபோது நாவற்கனியை நாடிச் செல்வதாகக் கூறப்படுகின்றது. துடரியும் முட்புதரே என்பது கருதத்தக்கது. காடுபடு பொருளைச் சேகரித்து உண்ணும் வாழ்க்கை முறையின் எச்சம் உழவு பெருகிய காலத்திலும் நீடித்தமைக்கு இச்செய்யுள் சான்றாகும்.

முள்ளின் பயனை முதலில் முறையாகக் கையாண்டோர் ஆயரே எனலாம். பெரும்பாணாற்றுப்படை இடையர் குடியிருப்பை வருணிக்குமிடத்து, முள்ளை வெட்டியிட்டு அமைத்த வேலியைக் குறிப்பிடுகின்றது. ஆநிரையே செல்வமாகவும், ஆநிரை கவர்தலே போரின் தொடக்கமாகவும் இருந்த சமுதாயத்தில் அவ்வேலி வெறும் எல்லைக்குறி அன்று. அது உற்பத்திச் சாதனத்தின் காவல். இங்கு இருவகை வேலிகளை வேறுபடுத்தி நோக்குதல் பயன்தரும். வெட்டிய முள்ளை அடுக்குவது உலர்வேலி. வேரோடு நட்டு வளர்ப்பது உயிர்வேலி. முன்னையது விரைவில் அமைக்கத்தக்கது, ஆயின் விரைவில் உக்குவது. பின்னையது பல ஆண்டுக் காத்திருப்பையும் பராமரிப்பையும் வேண்டுவது, ஆயின் தன்னைத் தானே புதுப்பிப்பது. இவ்வேறுபாடு பின்னர் ஒரு பேரரசின் வரவுசெலவுக் கணக்கில் முக்கியத்துவம் பெறப்போவதை நாம் காண்போம்.

அரசு தோன்றியபோது வேலி அரணாயிற்று. திருக்குறள் அரண் என்னும் அதிகாரத்தில் நீர், நிலம், மலை ஆகியவற்றோடு காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணுகின்றது. மிளை எனவும் காவற்காடு எனவும் இலக்கியங்கள் கூறுவது, கோட்டையைச் சூழத் திட்டமிட்டுப் பேணப்பட்ட அடர்காட்டையே. இம்மரபு மிக நீண்டது. 17ஆம் நூற்றாண்டில் கண்டியரசிற் கைதியாயிருந்து 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், மலைநாட்டுக்குச் செல்லும் பாதைகளில் முள்ளினாலான வாயில்களும் காவலரும் இருந்தமையை எழுதியுள்ளார். கரையோரத்தில் ஐரோப்பியரின் பீரங்கிகள் நிலைகொண்டிருந்த காலத்தில், மலையும் காடும் முள்ளுமே அவ்வரசின் மதில்களாயிருந்தன.

ஐரோப்பியரும் இதனைக் கற்றுக்கொண்டனர். பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைச் சூழ முட்செடிகளாலான எல்லை வேலி ஒன்று இருந்தது. 1760ஆம் ஆண்டு முற்றுகையின்போது ஆங்கிலேயர் முதலில் அவ்வேலியைக் கைப்பற்ற வேண்டியவராயினர். 1792இல் கோர்ண்வாலிஸ் சிறீரங்கப்பட்டணத்தைத் தாக்கியபோதும் திப்புவின் படை அத்தகைய வேலியின் பின்னே நின்றது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பனிப் படைகளை எதிர்த்து நின்றது கல்மதில் அன்று. மண்மதிலும் அதனைச் சூழ்ந்த அடர்ந்த முள்வேலியுமே அங்கு இருந்ததை, அப்போரிற் பங்குகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி பதிவுசெய்துள்ளார். அதே ஆண்டு காளையார்கோவிற் காட்டினூடே பாதை வெட்ட முயன்ற கம்பனிப் படை வாரக்கணக்கில் முயன்றும் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. ஒக்ரோபர் மாதத் தொடக்கத்திலேயே வேறு வழிகளால் காளையார்கோவில் வீழ்ந்தது.

இதுவரை நாம் கண்டவற்றுள் ஒரு பொதுப்பண்பு உண்டு. ஆயனின் பட்டி, உழவனின் புலம், பாளையக்காரனின் கோட்டை, மலைநாட்டரசின் கடவை ஆகிய யாவற்றிலும் முள் வெளியிலிருந்து வரும் தாக்குதலுக்கு எதிராகவே நிறுத்தப்பட்டது. அவ்வமைப்புகளுக்குள் சுரண்டல் இல்லை என்பது இதன் பொருளன்று. பட்டிக்கு உள்ளேயும் ஆண்டான் அடிமை உண்டு. கோட்டைக்கு உள்ளேயும் குடிவரி உண்டு. நம் யாழ்ப்பாணத்து வேலியும் சாதியையும் சொத்தையும் அரண்செய்த வேலியே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் மக்களை அவர்களது உப்பிலிருந்து பிரிப்பதற்காக முள்வேலி எழுப்பப்பட்டமை புதியதொரு வரலாற்றுக் கட்டத்தைச் சேர்ந்ததாகும்.

3. உப்பும் வரியும்

உப்பு, உணவுப் பொருள்களுள் தனித்தன்மை வாய்ந்தது. செல்வன் வறியவனைவிடப் பன்மடங்கு பட்டு உடுத்தலாம். பன்மடங்கு நெய் உண்ணலாம். ஆனால் பன்மடங்கு உப்பு உண்ண முடியாது. வெயிலில் நின்று வியர்வை சிந்தும் உழைப்பாளிக்கே உப்பின் தேவை மிகுதி. ஆகவே உப்பு மீதான வரி தன் இயல்பிலேயே தலைவரி ஆகும். வருவாய் குறையக் குறைய அதன் சுமை கூடும். ஆட்சியாளர் அதனை விரும்பியமைக்கும் இதுவே காரணம். தவிர்க்க முடியாத பொருளின் மீது விதிக்கும் வரியிலிருந்து எவரும் தப்ப முடியாது.

உப்பின் மீதான தீர்வை கம்பனிக்கு முன்னரும் இருந்ததுண்டு. ஆனால் 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து உப்பு உற்பத்தியைக் கம்பனியின் கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்த பின்னர் அதன் அளவும் தன்மையும் மாறின. வங்காளத்தில் உப்பின் விலை உயர்ந்ததும் மலிவான உப்பு மேற்கிலிருந்து வரத்தொடங்கியது. ராஜபுதனத்தின் சாம்பர் ஏரி, கச்சுப் பாலை, பஞ்சாபின் உப்பு மலைகள் ஆகியன இயற்கையின் கொடைகள். அவற்றிற் பல அக்காலத்திற் கம்பனியின் நேரடி ஆட்சிக்கு அப்பால் இருந்தன. சங்ககால உமணர் போலவே, பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் உப்புக்கொண்டு சென்ற வணிகர் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வடஇந்தியச் சமவெளியெங்கும் திரிந்தன. கம்பனியின் சட்டம் இவ்வணிகத்தைக் கள்ளக்கடத்தல் ஆக்கியது.

1803 முதல் வங்காளத்திற் சுங்கச் சாவடிகள் தோன்றின. 1830களில் உள்நாட்டுச் சுங்கங்கள் பலவும் நீக்கப்பட்டபோதும் உப்பின் மீதான தீர்வை நீக்கப்படவில்லை. மாறாக, சாவடிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஒரு தொடர்ச்சியான கோடாக மாறின. பஞ்சாபும் ஏனைய பகுதிகளும் பிரித்தானியரின் கைக்கு வர வர அக்கோடும் நீண்டது. 1869ஆம் ஆண்டளவில் அது சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளமுடையதாயிற்று. ஏறத்தாழ 12,000 பேர் அதனைக் காவல் புரிந்தனர். இலண்டனிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிள் வரை நீளத்தக்கது என அதனைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர், இந்திய அரசின் நிதிப் பொறுப்பை வகித்த சேர் ஜோன் ஸ்ட்ரேச்சி ஆவார். மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் உப்பும் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் சீனியும் இக்கோட்டில் வரி செலுத்தின.

1869இல் நிலவிய வரிவீதங்கள் இக்கோட்டின் தேவையைத் தெளிவாக்குகின்றன. 82 இறாத்தல் கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு வங்காளத்தில் 3 ரூபா 4 அணா. வடமேற்கு மாகாணங்களில் 3 ரூபா. சென்னையிலும் பம்பாயிலும் 1 ரூபா 13 அணா. வரிவீத வேறுபாடு இருக்கும்வரை உப்பு மலிந்த இடத்திலிருந்து அரிதான இடத்துக்குச் செல்ல முயலும். அதனைத் தடுக்க வேண்டுமாயின் இடையிலே ஒரு தடை எழுப்பப்படவேண்டும். அத்தடையை எதனால் எழுப்புவது?

4. வேலியைக் கட்டியோர்

தொடக்கத்தில் அது உலர்வேலியாகவே இருந்தது. அண்மைக் காடுகளில் வெட்டிய முட்கிளைகளைக் கொண்டுவந்து கோட்டின் வழியே அடுக்கினர். சங்ககால ஆயரின் இடுமுள் வேலி, ஆயிரம் மைல்களுக்கு மேல் நீட்டப்பட்டது போன்றது இது. ஆனால் கறையானும் தீயும் புயலும் அதனைத் தொடர்ந்து அழித்தன. ஒரு மைல் நீள உலர்வேலியை அமைப்பதற்கு 250 தொன் முள் தேவைப்பட்டதென்பது அதிகாரிகளின் கணக்கு. அவ்வளவையும் வெட்டிச் சுமந்தவர் யாவர், அவர்தம் கையும் காலும் என்ன பட்டன என்பவற்றுக்குக் கணக்கில் இடமில்லை.

1867இல் உள்நாட்டுச் சுங்க ஆணையாளராகப் பதவியேற்ற அலன் ஒக்ரேவியன் ஹியூம் இவ்விடயத்தை அறிவியல் நோக்கில் அணுகினார். பறவையியலாளரும் இயற்கை ஆய்வாளருமாகிய அவர், உலர்வேலியை உயிர்வேலியாக மாற்றினாற் செலவு குறையும் எனக் கண்டு, அவ்வப் பகுதியின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற சுதேச முட்செடிகள் எவை எனப் பரிசோதித்தார். இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட செடிகள்: இலந்தை, கருவேல், களா, கள்ளியின் சில வகைகள். ஏனையவை வளராத நிலங்களில் மட்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து முன்னரே வந்து சேர்ந்திருந்த சப்பாத்திக் கள்ளி நடப்பட்டது. மண் வளமற்ற இடங்களில் அதனை அகழ்ந்து நல்ல மண் இடப்பட்டது. வெள்ளம் படியும் இடங்களில் அணை எழுப்பி அதன்மீது நடப்பட்டது. கிணற்று நீரும் அகழிகளில் தேங்கிய மழைநீரும் பாய்ச்சப்பட்டன. வேலியின் ஓரமாகக் காவலர் சுற்றிவரப் பாதையும் அமைக்கப்பட்டது.

இச்செடிகளின் பட்டியலைத் தாவரவியற் கண்ணோடு நோக்குவோர் அதன் தருக்கத்தை உடனே உணர்வர். கருவேல் உயரத்தைத் தருவது. இலந்தையின் கொக்கிமுள் உடையையும் சதையையும் பற்றி நிறுத்துவது. அடிமட்டத்திலுள்ள இடைவெளியை அடைப்பதற்குக் களாவின் பின்னல் ஏற்றது. இவ்வறிவு எந்தத் தாவரவியற் பூங்காவிலும் பிறந்ததன்று. வடஇந்திய உழவர் தம் வயல்களையும் தோட்டங்களையும் காக்க இச்செடிகளை நெடுங்காலமாக நட்டு வந்தவர்களே. அம்மக்களின் அனுபவ அறிவு அவர்களுக்கெதிராகவே ஒழுங்கமைக்கப்பட்டது என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது.

1878இல் உயிர்வேலி தன் உச்ச நிலையை எய்தியது. 411½ மைல் தூரம் நிறைவான பச்சைவேலி; மேலும் 1,109½ மைல் தரங்குறைந்த வேலியும் உலர்வேலியும் கல்மதிலும். பச்சைவேலி 8 அடி முதல் 12 அடி வரை உயர்ந்தது. அடியில் 14 அடி வரை அகன்றது. டில்லி, ஆக்ரா, ஜான்சி, புர்ஹான்பூர் முதலிய இடங்களின் அயலே அது சென்றது. ஊரை வயலிலிருந்தும் வயலைக் கிணற்றிலிருந்தும் அது பிரித்தது. வாயில்களினூடாக மட்டுமே மக்கள் போய்வரலாம், காவலர் சோதனையிடலாம். கையூட்டு இயல்பாகவே பெருகிற்று. வேலிக்கு மேலாக உப்புப் பொதிகளை எறிந்தோரும், மாடுகளையும் ஒட்டகங்களையும் கூட்டமாக ஓட்டி வேலியைப் பிளந்தோரும் இருந்தனர். ஆட்சியாளரின் அறிக்கைகளில் இவர்கள் குற்றவாளிகள். மக்களின் நோக்கில் அவர்கள் யார் என்பதை எழுத்தில் தேடுவது வீண். அவர்களுட் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர்கள்.

ஹியூமைப் பற்றி ஒரு வார்த்தை. இவரே 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் நிறுவப்படுவதற்கு முன்னின்றவர். நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 1930இல், அதே காங்கிரஸ் உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கும் வேதாரணியத்துக்கும் நடந்தது. இதனை விதியின் விளையாட்டு என்று கூறி அமைதல் ஆய்வாளருக்கு அழகன்று. ஹியூம் தனிமனிதர் என்ற வகையில் இரக்கமற்றவர் அல்லர். இந்திய விவசாயியின் நிலை பற்றிக் கவலைப்பட்ட அதிகாரிகளுள் அவரும் ஒருவர். ஆனால் ஒருவரின் நல்லெண்ணம் அவர் இயக்கும் இயந்திரத்தின் தன்மையை மாற்றுவதில்லை. வினைத்திறன் மிக்க நல்ல அதிகாரி, மோசமான அமைப்பொன்றை வினைத்திறன் மிக்கதாகவே ஆக்குகின்றார். களா வேலி அதற்குத் தக்க சான்று.

5. பஞ்சமும் வேலியின் முடிவும்

வேலி உச்சநிலை எய்திய ஆண்டுகளே பெரும் பஞ்சத்தின் ஆண்டுகளும் ஆகும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்கணத்திலும் தொடங்கி வடமேற்கு மாகாணங்கள் வரை பரவிய பஞ்சத்தில் மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகின்றது. சென்னை மாகாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் மன்னார்க் கடலைக் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்ததும் இக்காலத்திலேயே. மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதுவோர் இப்பஞ்சத்தை மறக்க இயலாது.

பஞ்சத்தில் மாண்டோரிற் பலர் பட்டினியால் நேரடியாக மாண்டவரல்லர். வாந்திபேதியாலும் வயிற்றோட்டத்தாலும் மாண்டவர்கள். இந்நோய்களில் உடல் இழப்பது நீரையும் உப்பையும். நீரிற் சிறிது உப்பும் சீனியும் கலந்து பருக்குவதே உயிர்காக்கும் எளிய மருந்து என்பதை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் நிலைநாட்டியது. அன்றைய ஆட்சியாளர் இதனை அறிந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அந்நீண்ட வேலியில் மறிக்கப்பட்டு வரி வாங்கப்பட்ட பொருள்கள் இரண்டும் உப்பும் சீனியுமே என்பதை எண்ணும்போது நெஞ்சம் துணுக்குறுகின்றது.

பஞ்சம் வேலியை வீழ்த்தவில்லை. கணக்கே வீழ்த்தியது. சாம்பர் ஏரியை 1870இல் குத்தகைக்கு எடுத்ததோடு தொடங்கிய முயற்சி, 1879 அளவில் ராஜபுதன அரசுகளோடு செய்த உடன்படிக்கைகளால் நிறைவுற்றது. உப்பு விளையும் இடமே அரசின் கைக்கு வந்துவிட்டால், விளையும் இடத்திலேயே வரியை அறவிடலாம். அதனோடு மாகாணங்களுக்கிடையிலான வரி வேறுபாட்டையும் குறைத்துவிட்டால் இடையிலே வேலி எதற்கு? ஆகவே லிற்றன் பிரபுவின் ஆட்சியில், ஸ்ட்ரேச்சியின் திட்டப்படி, வடக்கே வரி குறைக்கப்பட்டது. தெற்கே, பஞ்சத்தால் நலிந்த சென்னையிலும் பம்பாயிலும், 1 ரூபா 13 அணாவாயிருந்த வரி 2 ரூபா 8 அணாவாக உயர்த்தப்பட்டது. 1879 ஏப்ரல் முதலாந் திகதி சுங்கக் கோடு கைவிடப்பட்டது. வடக்கின் வேலி நீங்கியதற்கான விலையின் ஒரு பகுதியைச் செலுத்தியவர் தென்னாட்டு வறியோரே எனின் அது மிகையாகாது. உப்பு வரி 1947இல் நீக்கப்படும்வரை தொடர்ந்தது.

கைவிடப்பட்ட வேலிக்கு என்ன நேர்ந்தது? உழவர் அதனை வெட்டினர், விறகாக எரித்தனர், அந்நிலத்தை வயலோடு சேர்த்தனர். காவற்பாதையின் சில பகுதிகள் ஊர்ப் பாதைகளாயின. ஒரு நூற்றாண்டுக்குள் அது நினைவிலிருந்தே அகன்றது. 1990களில் ஆங்கிலேயரான ரோய் மொக்சம் பழைய நூலொன்றிற் கண்ட குறிப்பைத் தொடர்ந்து பல ஆண்டுகள் தேடி, 1998இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் அதன் எச்சமொன்றைக் கண்டறிந்து, 2001இல் நூலாக வெளியிட்ட பின்னரே உலகம் அதனை மீண்டும் அறிந்தது. கல்லாற் கட்டிய கோட்டைகள் சுற்றுலாத் தலங்களாகின்றன. முள்ளாற் கட்டிய அடக்குமுறை உக்கி மண்ணாகி, மறக்கப்படுகின்றது. உக்கிப்போகும் சான்றுகளைத் தேடவும் நம் வரலாற்றுத்துறை பயிற்சிபெற வேண்டும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, முள் இயற்கையின் படைப்பு. வேலி சமுதாயத்தின் படைப்பு. களாவின் முள் மேய்ச்சல் விலங்கை விலக்குவதற்காகப் பரிணமித்தது. அதனை யார், யாருக்கு எதிராக, எதனைக் காப்பதற்காக நடுகின்றார் என்பதைத் தீர்மானிப்பன உற்பத்தி உறவுகளும் அரசின் தன்மையுமே.

இரண்டாவது, அடக்குமுறைக் கருவிகள் நீக்கப்படுவதை எல்லாம் விடுதலை எனக் கொள்ளல் தவறு. சுங்க வேலி அகன்றது; வரி அகலவில்லை. மேலும் திறமையான கருவி கிடைத்ததும் பழைய கருவி கைவிடப்பட்டது. இதே காலத்தில், 1874இல், அமெரிக்காவில் கிளிடன் என்பார் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நீரூற்ற வேண்டாத, காத்திருக்க வேண்டாத, கனி தராத முள் அது. களா செய்த பணியைப் பன்மடங்கு விரைவில் அது செய்யத் தொடங்கியது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நம் மக்கள் அம்முட்கம்பியின் பின்னேயே அடைக்கப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த ஊர்களின் ஓரங்களில் கிளாப் பற்றைகள் பூத்திருந்தன.

மூன்றாவது, நம் உலர் வலயப் பற்றைக்காடுகள் பயனற்றவை எனக் கருதப்பட்டு இயந்திரங்களால் வழிக்கப்பட்டு வருகின்றன. பற்றை என்ற சொல்லே நம் வழக்கில் இழிவுப் பொருள் பெற்றுவிட்டது. கிளா, இலந்தை, சூரை, காரை எனத் தனித்தனிப் பெயர் சூட்டி, இது வேலிக்கு, இது மருந்துக்கு, இது ஊறுகாய்க்கு எனப் பகுத்தறிந்த முதியோர் அருகி வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்வது தாவரவியல் மாணவரின் பணி மட்டுமன்று. வரலாற்று மாணவரின் பணியுமாகும். எழுதப்படாத மக்களின் வரலாற்றிற் பெரும்பகுதி இத்தகைய செடிகளின் பெயர்களிலும் பயன்களிலுமே எஞ்சியிருக்கின்றது.

களா இன்றும் வெட்ட வெட்டத் தளிர்க்கின்றது. வேலியாக நட்டவர் போயினர். வரி வாங்கியவர் போயினர். அது தனக்குரிய வரண்ட காட்டின் ஓரத்தில், முள்ளோடும் கனியோடும் நிற்கின்றது. அதன் கனியைப் பறிக்கும் கைகளுக்கு அதன் வரலாற்றையும் சொல்லிவைப்பது நம் கடமையாகும்.